தோள்ல ரெண்டு ஸ்டார், கூட ஒரு ரிப்பன்: யாருக்கு யார் சல்யூட் அடிக்கணும்?

(மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சேர்ந்து சுபேதாரா ரிட்டயர் ஆனவர் இந்த மாசம் பதில் சொல்றாரு. ரேங்க், ஸ்டார், சல்யூட் பத்தி நிறைய பேர் எழுதியிருந்தீங்க, ஒரே மாதிரி வந்த கேள்விகள சேர்த்துப் போட்டிருக்கோம்.)

கேள்வி: ஐயா, என் மகன் பரங்கிமலை ஓடிஏல (ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி) டிரெய்னிங் முடிச்சு லெப்டினன்ட் ஆயிட்டான். நானும் அவங்க அப்பாவும்தான் தோள்ல ரெண்டு ஸ்டாரையும் குத்திவிட்டோம். கொஞ்ச நேரத்துல மீசையெல்லாம் நரைச்ச ஒரு சுபேதார் வந்து என் மகனுக்கு விறைப்பா சல்யூட் அடிச்சாரு, அவர் தோள்லயும் ரெண்டு ஸ்டார்தான் இருந்துச்சு. அப்பா வயசுல இருக்கவர் பையனுக்கு சல்யூட் அடிக்கிறத பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே ரேங்க்தானே, அப்ப எதுக்கு?
(ஒரு அம்மா, வேலூர்)

பதில்: மொதல்ல வாழ்த்துக்கள்மா. உங்க ஜில்லாவுல வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்துல இருக்க ஊரெல்லாம் உண்டு, ஆனா ஆபீசரா போறவங்க கம்மி, அதனால பையன நினைச்சு தாராளமா பெருமைப்படுங்க.

இப்ப அந்த ஸ்டார் விஷயம். அடுத்த தடவ ஒரு சுபேதார பாத்தீங்கன்னா ஸ்டார எண்ணாதீங்க, ஸ்டாருக்குப் பக்கத்துல குறுக்கால ஒரு சின்ன ரிப்பன் ஓடுதான்னு பாருங்க, சிவப்பு மஞ்சள் சிவப்புன்னு இருக்கும். அந்த ரிப்பன் இருந்தா அவர் ஜேசிஓ, ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர். ஒரு ஸ்டாரும் ரிப்பனும்னா நாயப் சுபேதார், ரெண்டு ஸ்டாரும் ரிப்பனும்னா சுபேதார், சிங்கமும் ரிப்பனும்னா சுபேதார் மேஜர். டாங்கி படைல இதே ஆளுங்களுக்கு நாயப் ரிசால்தார், ரிசால்தார், ரிசால்தார் மேஜர்னு பேரு. ரிப்பன் இல்லாம ரெண்டு ஸ்டார்னா உங்க மகன் மாதிரி லெப்டினன்ட், ரிப்பன் இல்லாம சிங்கம் மட்டும்னா மேஜர். தூரத்துல இருந்து பாத்தா சுபேதார் மேஜரும் மேஜரும் ஒண்ணு போலத்தான் தெரியும், புதுசா சேர்ந்த ஜவானே தடுமாறுவான், உங்களுக்குத் தெரியலன்னா தப்பே இல்ல.

ஜேசிஓங்கிறவர் சிப்பாயா சேர்ந்து லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார்னு ஒவ்வொரு படியா ஏறி வந்தவர், அதுக்கே பெரும்பாலும் இருபது வருஷத்துக்கு மேல ஆயிடும். உங்க மகன் நேரா கமிஷன் வாங்கினவன். கமிஷன்னா ஜனாதிபதி குடுக்கிற அதிகாரம். அந்த சுபேதார் கை தூக்கினது அந்த கமிஷனுக்கு, உங்க பையன் மூஞ்சிக்கு இல்ல. அதனாலதான் வயசு அங்க கணக்குல வராது, ஆம்பளையா பொம்பளையான்னும் வராது. ஓடிஏல 1992ல இருந்தே பொண்ணுங்களும் டிரெய்னிங் எடுத்து ஆபீசரா வெளிய வர்றாங்க, அவங்களுக்கும் இதே சல்யூட்தான்.

இன்னொண்ணு சொல்லணும். அந்த நரைச்ச மீசைக்காரர் அநேகமா அங்க டிரில் சொல்லிக்குடுக்கிற உஸ்தாதா இருப்பாரு. முந்தின நாள் வரைக்கும் கிரவுண்டுல வெயில்ல நிக்க வச்சு, கை சரியா வீசலன்னு உங்க பையன தொண்டை கிழிய திட்டினவர். ஸ்டார் ஏறின நிமிஷத்துல இருந்து அவர்தான் சல்யூட் அடிப்பாரு, அடிக்கிறப்ப அவர் மூஞ்சில ஒரு சிரிப்பு ஓடும் பாருங்க, தயாரிச்சு அனுப்பினது நான்தானடாங்கிற சிரிப்பு அது. பையன் திருப்பி சல்யூட் அடிச்சே ஆகணும், அதுவும் கடமைதான், மேல இருக்கவன் திருப்பி அடிக்காம போனா பட்டாளத்துல அது ரொம்ப அசிங்கம். பேசும்போது அவர 'சாப்'னுதான் கூப்பிடணும், எந்த ஆபீசரும் ஜேசிஓவ பேர் சொல்லி அதட்டிக் கூப்பிட மாட்டான், கூப்பிட்டா அந்த யூனிட்ல அவனுக்கு மரியாதை அன்னிக்கே போச்சு. யூனிட்டுக்குப் போய் ஒரு பிளாட்டூன, அதாவது ஒரு சின்னப் படைப் பிரிவ, கையில எடுக்கிறப்ப உங்க மகனுக்கு வேலை கத்துக் குடுக்கப்போறதே அப்படி ஒரு ரிப்பன் போட்ட சாப்தான். அதனால மனசு கஷ்டப்படாதீங்கம்மா.

கேள்வி: சார், ஸ்டார், சிங்கம், கத்தி எல்லாம் பாத்து ரேங்க் கண்டுபிடிக்க ஈசியா ஒரு வழி சொல்லுங்க. நெட்டுல டேபிள் பாத்தா தலை சுத்துது.
(போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி, திருநெல்வேலி)

பதில்: தம்பி, ஆர்மிக்கு மட்டும் சொல்றேன். கையில வி மாதிரி பட்டை இருந்தா ஆபீசர் இல்ல, ஒண்ணு லான்ஸ் நாயக், ரெண்டு நாயக், மூணு ஹவில்தார், ஒண்ணுமே இல்லன்னா சிப்பாய். தோளுக்கு வந்துட்டா ரிப்பன் இருக்கான்னு பாரு, இருந்தா மேல சொன்ன ஜேசிஓ. ரிப்பன் இல்லன்னா ரெண்டு ஸ்டார் லெப்டினன்ட், மூணு ஸ்டார் கேப்டன், அதுக்கு மேல ஸ்டார எல்லாம் அழிச்சுட்டு ஒரே ஒரு சிங்கம் வரும் பாரு, நம்ம அசோகத் தூண் சின்னம், அதுதான் மேஜர். அசோக சக்ரா வாங்கின நம்ம சென்னை முகுந்த் வரதராஜன் இந்த ரேங்க். அப்புறம் அந்த சிங்கத்தோடயே மறுபடி ஸ்டார் ஒவ்வொண்ணா சேரும், ஒண்ணு லெப்டினன்ட் கர்னல், ரெண்டு கர்னல், மூணு பிரிகேடியர். அங்க திரும்பவும் எல்லாத்தையும் அழிச்சுட்டு குறுக்கால வச்ச வாளும் கோலும் வரும், அது வந்தாலே ஜெனரல் வகையறா. அதோட ஸ்டார் மட்டும்னா மேஜர் ஜெனரல், சிங்கம் மட்டும்னா லெப்டினன்ட் ஜெனரல், ரெண்டும் இருந்தா ஜெனரல், நாட்டோட ராணுவத் தளபதி. அவ்ளோதான்பா, டேபிள் எதுக்கு.

இதுல எக்ஸாம்ல மாட்டிவிடுற இடம் ஒண்ணு இருக்கு. லெப்டினன்ட்ட விட மேஜர் பெருசு, ஆனா மேஜர் ஜெனரல விட லெப்டினன்ட் ஜெனரல் பெருசு. பழைய காலத்து இங்கிலாந்துல மேஜர் ஜெனரல் பதவிக்கு சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்னு பேரு, முன்னாடி இருந்த சார்ஜன்ட் உதிர்ந்து போச்சு, அதனால வந்த குழப்பம். சிங்கமும் அப்படித்தான், வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் அந்த இடத்துல கிரீடம் இருந்துச்சு, ஸ்டாரும் வேற மாதிரி இருந்துச்சு, 1950 ஜனவரி 26ல குடியரசு ஆனப்ப கிரீடம் போய் சிங்கம் வந்துச்சு, ஸ்டார் அஞ்சு முனை ஆச்சு.

தோள் சரியா தெரியலன்னா காலர பாரு. கர்னல்ல இருந்து மேல இருக்கவங்களுக்கு காலர்ல சிவப்புப் பட்டை இருக்கும், பிரிகேடியர்ல இருந்து அந்தப் பட்டைல ஸ்டாரும் சேரும். கார்ல போனா முன்னாடி ஒரு பிளேட்ல ஸ்டார் இருக்கும், பிரிகேடியருக்கு ஒண்ணு, மேஜர் ஜெனரலுக்கு ரெண்டு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு மூணு, ஜெனரலுக்கு நாலு. நியூஸ்ல 'த்ரீ ஸ்டார் ஜெனரல்'னு சொல்றது இந்தக் கணக்குதான், தோள்ல மூணு ஸ்டார்னு நினைச்சு கேப்டனோட போட்டுக் குழப்பிக்காத. 2023 ஆகஸ்ட் 1ல இருந்து பிரிகேடியரும் அதுக்கு மேலயும் இருக்க எல்லாருக்கும் எந்த ரெஜிமென்ட்ல இருந்து வந்திருந்தாலும் தொப்பி, பெல்ட், ஷூ, தோள் பேட்ஜ், காலர் பட்டை எல்லாம் ஒரே மாதிரி ஆக்கிட்டாங்க. மேல போனப்புறம் ஒரு ரெஜிமென்ட்டுக்கு மட்டும் சொந்தக்காரர் இல்ல, எல்லாருக்கும் பொதுங்கிறது கணக்கு. நல்ல முடிவுதான், ஆனா எங்கள மாதிரி பழைய ஆளுங்களுக்கு நம்ம ரெஜிமென்ட் தொப்பியோட ஒரு ஜெனரல் வர்றத பாக்கிறதுல ஒரு கிக் இருந்துச்சு, அது போச்சு.

கேள்வி: எங்க ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு மூணு ஸ்டார், டிஎஸ்பிக்கும் மூணு ஸ்டார், ஆர்மி கேப்டனுக்கும் மூணு ஸ்டார். என்ன சார் இது?
(சேலம் வாசகர்)

பதில்: இங்கயும் ரிப்பன்தான். இன்ஸ்பெக்டர் ஸ்டாரோட சிவப்பும் நீலமுமா ஒரு ரிப்பன் இருக்கும், எஸ்ஐக்கு ரெண்டு ஸ்டாரும் அதே ரிப்பனும். டிஎஸ்பிக்கு ரிப்பன் கிடையாது. அதுக்கு மேல போலீஸும் ஆர்மி வழியிலதான் போகும், எஸ்பிக்கு சிங்கமும் ஒரு ஸ்டாரும், டிஐஜிக்கு சிங்கமும் மூணு ஸ்டாரும், ஐஜிக்கு வாளும் கோலும் ஸ்டாரும். ஆர்மியா போலீஸான்னு தெரியணும்னா தோள் ஓரத்துல இருக்க எழுத்த படிங்க, ஐபிஎஸ்னோ டிபிஎஸ்னோ போட்டிருக்கும், ஆர்மின்னா ரெஜிமென்ட் பேரு இருக்கும்.

கேள்வி: அங்கிள், என் கல்யாணத்துல ஒரு பஞ்சாயத்து. மாப்பிள்ளை ஆர்மில கேப்டன். எங்க பெரியப்பா நேவில கேப்டன். இன்னொரு சித்தப்பா சரக்குக் கப்பல்ல கேப்டன், அவர்தான் எல்லாருக்கும் சீனியர்னு சத்தமா சொல்லிட்டு இருக்காரு. யார் யாருக்கு சல்யூட் அடிக்கணும்?
(பேர் போட வேணாம்னு சொன்ன ஒரு பொண்ணு, தூத்துக்குடி)

பதில்: சித்தப்பாவ முதல்ல ஓரமா உக்கார வச்சு பாயாசம் குடும்மா. சரக்குக் கப்பல் கேப்டன் பெரிய பொறுப்புதான், அவர் யூனிஃபார்ம்லயும் நாலு கோடு இருக்கும், ஏரோப்ளேன் ஓட்டுற கேப்டனுக்கும் நாலு கோடு இருக்கும், ஆனா ராணுவ சல்யூட் கணக்குல இவங்க யாரும் வர மாட்டாங்க.

பெரியப்பாதான் இங்க பெரிய ஆளு. நேவில கேப்டன்னா நாலு தங்கக் கோடு, மேல் கோட்டுல ஒரு சின்ன சுழி இருக்கும், அது ஆர்மி கர்னலுக்குச் சமம். மாப்பிள்ளையோட கேப்டன் ரேங்க் நேவில ரெண்டு கோடு போட்ட லெப்டினன்ட்டுக்குத்தான் சமம், ஏர்ஃபோர்ஸ்ல ஃப்ளைட் லெப்டினன்ட். சர்வீஸ்ல சேர்ந்து ரெண்டு வருஷத்துல ஆர்மி கேப்டன் ஆயிடலாம், ஆறு வருஷத்துல மேஜர், பதிமூணு வருஷத்துல லெப்டினன்ட் கர்னல், இதெல்லாம் வருஷக் கணக்குல தானா வர்றது. கர்னல் அப்படி சீக்கிரம் வராது, போர்டு உக்காந்து பொறுக்கி எடுப்பாங்க. அப்ப பாத்துக்கோ ரெண்டு கேப்டனுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு. ஏர்ஃபோர்ஸ் கோடும் நேவி கணக்குதான், மூணு கோடுன்னா விங் கமாண்டர், 2019 பிப்ரவரில பாகிஸ்தான்ல பிடிபட்டு திரும்பி வந்தாரே நம்ம அபிநந்தன், அப்ப அவர் ரேங்க் அதுதான், அப்புறம் குரூப் கேப்டன் ஆனாரு, அது நாலு கோடு. பாரு, அங்கயும் ஒரு கேப்டன் வந்துட்டாரு.

ஆனா கல்யாணத்துல மாப்பிள்ளை பட்டு வேட்டி, பெரியப்பா சட்டை வேட்டி, யாரும் யாருக்கும் கை தூக்க வேணாம். மாப்பிள்ளை விறைப்பா நின்னு 'ஜெய் ஹிந்த் சார்'னு சொன்னா போதும், நம்ம ஊர்ல கால்ல விழுந்தாலும் பெரியப்பா கோவிச்சுக்க மாட்டாரு.

கேள்வி: ஆகஸ்ட் 15 அன்னிக்கு எங்க அபார்ட்மென்ட்ல கொடி ஏத்தினாங்க. பாதி பேர் சல்யூட் அடிச்சாங்க, சில பேர் நெஞ்சுல கை வச்சாங்க, நான் சும்மா நின்னேன். செகரட்டரி என்னைய தேசத்துரோகி மாதிரி பாத்தாரு.
(மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: அசையாம கொடியப் பாத்து விறைப்பா நின்னீங்கன்னா நீங்க செஞ்சதுதான் சரி. 2002ல வந்த கொடிச் சட்டத்துலயே தெளிவா இருக்கு, கொடி ஏத்தும்போதும் இறக்கும்போதும் அணிவகுப்புல கொடி கடந்து போகும்போதும் எல்லாரும் கொடிய பாத்து அட்டென்ஷன்ல நிக்கணும், யூனிஃபார்ம்ல இருக்கவங்க சல்யூட் அடிக்கணும். நெஞ்சுல கை வைக்கிறது அமெரிக்கா பழக்கம், படம் பாத்து வந்தது.

இதே சண்டை 2015 குடியரசு தினத்துல டெல்லிலயே நடந்துச்சு, ஒபாமா வந்திருந்தாரே அந்த வருஷம். பிரதமரும் பாதுகாப்பு அமைச்சரும் சல்யூட் அடிச்சாங்க, துணை ஜனாதிபதி ஹமீத் அன்சாரி அட்டென்ஷன்ல நின்னாரு, அந்த போட்டோவ போட்டு அவர திட்டித் தீர்த்துட்டாங்க. சல்யூட் ஏத்துக்கிறவர் முப்படைகளுக்கும் தலைவரான ஜனாதிபதி, யூனிஃபார்ம்ல இருக்கவங்க அடிப்பாங்க, மத்தவங்க அட்டென்ஷன்ல நிப்பாங்க, இதுதான் முறைன்னு அவர் ஆபீஸ் விளக்கம் குடுக்க வேண்டியதாப் போச்சு. சாதாரண ஆள் ஆசையா சல்யூட் அடிச்சா குத்தமில்ல, அடிக்காதவன குத்தவாளி ஆக்குறதுதான் தப்பு. இத உங்க செகரட்டரி கிட்ட காட்டுங்க.

கேள்வி: படத்துல ஹீரோ தொப்பி இல்லாம, ஒரு கையில துப்பாக்கி வச்சுக்கிட்டே இன்னொரு கையால சல்யூட் அடிக்கிறாரு. அப்படி அடிக்கலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: ஹீரோ எப்படி வேணா அடிக்கலாம், சம்பளம் அப்படி. நம்ம ஆர்மில தலைல தொப்பியோ தலைப்பாகையோ இல்லன்னா கை தூக்குறது கிடையாது, சாவ்தான்ல, அதாவது அட்டென்ஷன்ல, நின்னு 'ஜெய் ஹிந்த் சார்', முடிஞ்சுது. கையில ரைஃபிள் இருந்தா அதாலயே மரியாதை செய்ற முறை தனியா இருக்கு, 'சலாமி சஸ்த்ர்'னு கமாண்ட் வந்தா துப்பாக்கிய நெஞ்சுக்கு நேரா செங்குத்தா பிடிப்பாங்க, கார்ட் ஆஃப் ஆனர்ல பாத்திருப்பீங்க. ரெண்டு கையிலயும் சாமான் இருந்தா நிமிர்ந்து, தலையத் திருப்பிப் பாத்து ஜெய் ஹிந்த் சொன்னா போதும், சாம்பார் வாளிய கீழ போட்டுட்டு யாரும் சல்யூட் அடிக்கிறதில்ல. வண்டி ஓட்டுறவன் ஸ்டியரிங்க விடவே கூடாது.

சண்டை நடக்கிற இடத்துல சல்யூட்டே வேணாம்னு வச்சிருக்காங்க, ஏன்னா எதிரி ஸ்னைப்பர் பைனாகுலர்ல பாத்துட்டே இருப்பான், யாருக்கு சல்யூட் போகுதோ அவன்தான் ஆபீசர்னு தெரிஞ்சுடும். பளபளன்னு இருக்க பித்தளை ஸ்டாரையும் அங்க போட்டுக்க மாட்டாங்க, துணில தைச்ச மங்கலான ஸ்டார்தான்.

கேள்வி: குடியரசு தின பரேடுல எல்லாரும் தலைய வலது பக்கம் திருப்புறாங்க, ஓரத்துல ஒரு வரிசை மட்டும் நேரா பாக்குது. மறந்துட்டாங்களா?
(எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: சூப்பரா கவனிச்சிருக்க பாப்பா! அவங்க மறக்கல, அவங்க வேலையே அதுதான். 'தாஹினே தேக்'னு சொன்னதும் முன்னாடி போற கமாண்டர் சல்யூட் அடிப்பாரு, மத்தவங்க எல்லாம் தலைய வலது பக்கம் திருப்புவாங்க, அதுதான் அவங்களோட சல்யூட். எல்லாரும் திரும்பிட்டா வரிசை கோணிக்கும் இல்லையா, அதான் வலது ஓரத்துல இருக்கவங்க மட்டும் நேரா பாத்து நடப்பாங்க, மத்தவங்க அவங்கள வச்சு லைன் பிடிப்பாங்க.

கேள்வி: ஆர்மிக்காரர் உள்ளங்கை தெரியிற மாதிரி அடிக்கிறாரு, நேவிக்காரர் கையக் கவுத்து அடிக்கிறாரு, ஏர்ஃபோர்ஸ் ரெண்டுக்கும் நடுவுல. ஏன்?
(காரைக்கால் வாசகர்)

பதில்: ஆர்மில உள்ளங்கை முன்னாடி தெரியணும், கையில ஆயுதம் இல்ல பாருன்னு காட்டுறதுன்னு வழிவழியா சொல்லுவாங்க. நேவில கப்பல் கயிறு, தார், எண்ணெய்னு கை எப்பவும் கறையா இருந்த காலம், அந்தக் கைய மேலதிகாரி மூஞ்சிக்கு நேரா காட்ட வேணாம்னு கீழ பாத்து கவுத்தாங்களாம். ஏர்ஃபோர்ஸ் 2006 வரைக்கும் ஆர்மி மாதிரிதான் அடிச்சாங்க, அந்த வருஷம்தான் 45 டிகிரி சாய்வா மாத்தினாங்க.

கேள்வி: நான் குன்னூர். ராணுவத் தளபதியா இருந்த மானெக்‌ஷா ரிட்டயர் ஆகவே இல்லன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. கதையா நிஜமா?

பதில்: நிஜம்தான். ஃபீல்டு மார்ஷல்ங்கிறது ஜெனரலுக்கும் மேல இருக்க ரேங்க், அது ஆனவருக்கு சாகுற வரைக்கும் சர்வீஸ்ல இருக்கிறதாத்தான் கணக்கு, கடைசி வரைக்கும் யூனிஃபார்ம் போடலாம். மானெக்‌ஷாவுக்கு 1973ல குடுத்தாங்க, கரியப்பாவுக்கு 1986ல, ஆர்மில இந்த ரெண்டே பேர்தான். ஏர்ஃபோர்ஸ்ல அர்ஜன் சிங் ஒருத்தர், 2002ல. ஃபீல்டு மார்ஷல் தோள்ல அந்த வாளையும் கோலையும் சுத்தி தாமரை மாலை மாதிரி ஒரு வளையம் இருக்கும், மேல சிங்கம், காலர்ல அஞ்சு ஸ்டார். மானெக்‌ஷா உங்க ஊர்லயே வாழ்ந்து, 2008 ஜூன் 27ல வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரில இறந்தாரு, ஊட்டில அடக்கம் பண்ணினாங்க. அப்பேர்ப்பட்ட ஆளோட இறுதி மரியாதைக்கு டெல்லில இருந்து ஜனாதிபதியும் வரல, பிரதமரும் வரல, அந்தக் கோவம் பட்டாளத்துக்காரன் யாருக்கும் இன்னும் போகல.

கேள்வி: யுகேஜி படிக்கிற என் பையனுக்கு ஸ்கூல் ஃபேன்சி டிரஸ்ல ஆர்மி ஆபீசர் வேஷம். சிவிலியன் ராணுவ டிரஸ் போட்டா கேஸ்னு வாட்ஸப்ல வந்துச்சு, நிஜமா? தோள்ல எத்தனை ஸ்டார் ஒட்டணும்?
(ஆவடி வாசகி)

பதில்: ராணுவத்துல இல்லாத ஆள், நான் ராணுவம்னு மத்தவங்கள நம்ப வைக்கிற எண்ணத்தோட அந்த யூனிஃபார்ம் மாதிரி உடுத்தினா பாரதிய நியாய சன்ஹிதா 168வது பிரிவுல மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ, 2000 ரூபா வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோ குடுக்கலாம். ஏமாத்துற எண்ணம் இருக்கணும், அதுதான் முக்கியம். உங்க பையன் யார ஏமாத்தப் போறான், தைரியமா போட்டு அனுப்புங்க. ஆனா பெரியவங்க ராணுவ டிரஸ் மாதிரியே வாங்கிப் போட்டுக்கிட்டு டோல்கேட்ல கெத்து காட்டுறது வேற, அது எனக்குப் பிடிக்காது. 2022 ராணுவ தினத்துல வந்த புது காம்பாட் டிரஸ் டிசைன ஆர்மி தன் பேர்ல பதிவே பண்ணி வச்சிருக்கு, அத கடைல காப்பி அடிச்சு விக்கிறதும் தப்பு.

ஸ்டார் ரெண்டு ஒட்டுங்க, லெப்டினன்ட். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒட்டிடாதீங்க, முன்னாடி செகண்ட் லெப்டினன்ட்னு ஒரு ரேங்க் இருந்துச்சு, அதுக்குத்தான் ஒரு ஸ்டார், அத எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு. மூணு ஒட்டினா கேப்டன், அதுவும் சரிதான். சிங்கம் வேணும்னு அடம் பிடிச்சான்னா மேஜர் ஆக்கிடுங்க, தொப்பி மட்டும் மறக்காம வாங்குங்க, அது இல்லாம மேடைல சல்யூட் அடிச்சான்னா முன் வரிசைல எங்கள மாதிரி ஒரு பெருசு உக்காந்து முணுமுணுத்துட்டே இருக்கும்.